காற்றடிக்கும் நாளின் நீர்

வியாழக்கிழமை என்றால் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவேன். மற்ற நாள்களில் அதற்கு அவசியம் இல்லை. ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்கிறேன், உள்ளே சட்டை கசங்கியிருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள். வியாழக்கிழமை மாலைதான் எங்கள் கூட்டம். கணினித் திரையில் தோள்வரைதான் தெரியும் என்றாலும் முதுகுப் பக்கம், கைமடிப்பு எல்லாவற்றுக்கும் போடுவேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு, ஏனோதானோவென்று நடந்துகொண்ட ஆள் என்று நீங்கள் என்னைப் பற்றி எழுதிக்கொள்ளக் கூடாது.

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். நீங்கள் தேடி வந்தது ஒரு முகவரி. எங்கள் அறிக்கையில் தொட்டதற்கெல்லாம் குற்றம் சொல்லி, என்னோடு அதை எழுதிய பாசிக்காரரின் நிம்மதியைக் கெடுத்த அந்தப் பரிசீலகர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி, பாசிக்காரரின் மனைவி உங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். நியாயமான புகார். முகவரியைத் தருகிறேன். ஆனால் எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அதை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, உலகத்துக் கடல்களுக்கெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஓர் அறிக்கை வரும். நாடுகள் கூடி ஏற்பாடு செய்வது. எழுதுவது எங்களைப் போன்றவர்கள், ஓர் அத்தியாயத்துக்கு ஐந்தாறு பேர். சம்பளம் கிடையாது. பெயர் வரும், அதுவும் பொடி எழுத்தில். வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்து, எது உண்மை, எவ்வளவு தூரம் உண்மை என்று சொல்ல வேண்டும். இந்த எவ்வளவு தூரம் என்பதுதான் தலைவலி. எந்த முடிவையும் சும்மா எழுதிவிட முடியாது. பக்கத்திலேயே ‘அதிக உறுதி’, ‘நடுத்தர உறுதி’, ‘குறைந்த உறுதி’ என்று ஒன்றைப் போட்டாக வேண்டும். ஒரு மாலை முழுக்க நாங்கள் ஐந்து பேரும் ஒரே ஒரு வாக்கியத்துக்கு நடுத்தரமா அதிகமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர்கள் கதவைத் தட்ட, குழந்தைகள் திரைக்குள் எட்டிப் பார்க்க, யாரும் எழுந்து போகவில்லை. என் வாழ்க்கையில் நான் கழித்த மிகச் சந்தோஷமான மாலை அது.

எங்களில் தலைமை ஒருங்கிணைப்பாளரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கூட்டம் தொடங்கியதும் வருகைப்பதிவு எடுப்பார், வராதவரிடம் அடுத்த வாரம் காரணம் கேட்பார். மீன்வளத்தைக் கணக்கிடுகிற ஒருவர், வாயைத் திறந்தால் கிண்டல்தான். பிளாஸ்டிக் துகள்களைப் பற்றி எழுதுகிற ஓர் அம்மா, அதிகம் பேசமாட்டார். நச்சுப் பாசிகளை ஆராய்கிற பாசிக்காரர். நான் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கிறவன், அதனால் மீன்கணக்கர் எனக்குப் ‘பிராணவாயு’ என்று பெயர் வைத்தார். எனக்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அதற்கு முன் யாரும் என்னைக் கவனித்ததில்லை.

நான் இருக்கும் ஆய்வகத்தை நீங்கள் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். தாழ்வாரத்தின் கடைசி அறை. இரண்டு பக்கமும் நீர் மாதிரிகளை வைக்கும் குளிர்பெட்டிகள், நடுவில் நான். அவை இரண்டும் மாறி மாறி உறுமும். காலையில் நுழைந்தால் மாலைவரை பேச்சுத்துணை அதுதான். மனைவி என்று ஒருவர் வரவே இல்லை, அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, தள்ளிப்போட்டே வயதாகிவிட்டது. ஒரு தங்கை இருக்கிறாள், மாதம் ஒருமுறை கூப்பிடுவாள்.

“அண்ணா, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“உடம்பெல்லாம்?”

“நல்லாருக்கு.”

“சரி, வெச்சிடறேன். அடுப்புல ஏதோ பொங்குது.”

அவள் மேல் தப்பில்லை. அவள் வீட்டில் எப்போதும் ஏதாவது பொங்கிக்கொண்டுதான் இருக்கும். என் வீட்டில் எதுவும் பொங்குவதில்லை. இதையெல்லாம் இரக்கம் தேடிச் சொல்லவில்லை, சூழ்நிலை தெரிய வேண்டும் என்றுதான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அத்தியாயத்தின் வரைவு தயாரானதும் அதைப் பரிசீலனைக்கு வைப்பார்கள். துறையில் பட்டம் பெற்ற யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு கருத்துச் சொல்லலாம். அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். வருகிற ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதியாக வேண்டும். அபத்தமாக இருந்தாலும் சரி, காற்புள்ளி விட்டுப்போயிற்று என்று இருந்தாலும் சரி. ஒரு கருத்து பதிலில்லாமல் நின்றாலும் அத்தியாயத்தை மூட முடியாது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தால் குழு கலைந்துவிடும். கலைந்தபின் யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள். முந்தைய அறிக்கைக் குழுவில் இருந்தவர்களுக்கு நான் பண்டிகை வாழ்த்து அனுப்பிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மட்டும் கட்டை விரல் படம் அனுப்பினார்.

ஒரு வியாழக்கிழமை டீச்சர் சொன்னார்: “அடுத்த வாரத்தோட முடிஞ்சிடும்போல இருக்கே. எல்லாருக்கும் விடுதலை.” மீன்கணக்கர் கை தட்டினார். பிளாஸ்டிக் அம்மாகூடச் சிரித்தார். நானும் கை தட்டினேன். பிறகு திரை அணைந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நான் பரிசீலகராகப் பதிவு செய்துகொண்டேன். ஆகவே நீங்கள் கேட்ட முகவரி இதுதான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலியிலிருந்துதான் எழுதினேன். வீட்டில் இருப்பது அது ஒன்றுதான், அதனால்தான் நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

பதிவுக்கு என் பேராசிரியரின் பெயரைக் கொடுத்தேன். காலமாகிவிட்டவர், பிள்ளைகுட்டி இல்லாதவர், அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. முதலில் எழுதியது ஒரு சின்னக் கருத்துதான். மூன்றாம் பத்தியில் இருக்கும் வரைபடத்தின் அளவுகோல் மற்ற படங்களோடு பொருந்தவில்லை என்று. உண்மையிலேயே பொருந்தவில்லை. அதைச் சரிசெய்ய இரண்டு கூட்டங்கள் ஆயின. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. நான் எழுதிய ஒரு கருத்துகூட விஷமத்துக்கு எழுதியதில்லை. ஒவ்வொன்றும் அறிவியல்படி சரியானது. வேண்டுமானால் வேறு யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவில் அந்த எண்ணுக்கு மீன்கணக்கர் ஒரு பெயர் வைத்தார். “இது சாதாரண ஆள் இல்லீங்க, மாமியார். சமையல்ல உப்பு சரியா இருந்தா, ஏன் சரியா இருக்குன்னு கேக்கற மாமியார்.” அன்று டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதன்பின் வியாழக்கிழமை தொடங்குவதே “மாமியார் என்ன சொல்றாங்க?” என்றுதான். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவார்கள். இப்போது மாமியாரைத் திட்டுவதற்காகவே கூட்டம் முடிந்தும் கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிளாஸ்டிக் அம்மா தன் சொந்த மாமியாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார், அவருக்கு அவ்வளவு பேச வரும் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரையும்விட வரிந்துகட்டிக்கொண்டு மாமியாரைத் திட்டியவன் நான்தான். அப்படி ஒன்றாகச் சேர்ந்து ஒருவரைத் திட்டுவது எவ்வளவு இதமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

பாசிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். கடலோர ஆய்வு நிலையம் ஒன்றில் வேலை, மனைவி நர்ஸ். மற்றவர்கள் கூட்டத்தோடு சரி. இவர் மட்டும் தனியாக என்னைத் தொலைபேசியில் கூப்பிடுவார். மாமியார் அவர் பகுதியைச் சீண்டிய மறுநாள் கட்டாயம் கூப்பிடுவார்.

“அண்ணே, பாத்தீங்களா அந்த மாமியார் கேட்டிருக்கிறத? என் அளவுகோலையே சந்தேகப்படுது.”

“விடுங்க தம்பி. கல்லுல நார் உரிக்கற ஜாதி அது. பொறுமையா பதில் எழுதுவோம், நான் கூட இருக்கேன்.”

“நீங்க இல்லேன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்ணே.”

இதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். இருவருமாகப் பதில் எழுதுவோம். அவர் சொல்லச் சொல்ல நான் திருத்துவேன். இடையில் அவர் மனைவி ஏதோ கேட்க, அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு பேசுவது கேட்கும். அந்தச் சத்தம்கூட எனக்குப் பிடித்திருந்தது. அதனால் மற்றவர்கள் பகுதியைவிட அவர் பகுதிக்குக் கருத்துகள் கொஞ்சம் கூடின. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய பகுதி சிப்பிகளைப் பற்றியது. அவர் ஊர்ப்பக்கம் ஒரு வளைகுடாவில் நச்சுப் பாசி பெருகிவந்தது. சிப்பி அந்தப் பாசியைத் தின்னும், சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, சிப்பியைத் தின்கிற மனிதருக்கு உதடு மரத்து, கை கால் மரத்து, அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். வேக வைத்தாலும் போகாது. எந்த மாதங்களில் அங்கே சிப்பி எடுக்கக் கூடாது என்று அவர் கண்டுபிடித்து எழுதியிருந்தார். பக்கத்தில் ‘அதிக உறுதி’ என்று போட்டிருந்தார். “இந்த அறிக்கை வந்தாத்தான் நம்ம அதிகாரிங்க அசைவாங்கண்ணே. நான் தனியாளா கரடியா கத்தினா எவன் கேக்கறான்? அடுத்த சீசனுக்குள்ள வந்துட்டா எச்சரிக்கைப் பலகை வெச்சிடுவாங்க.” அவர் அவசரம் எனக்குப் புரிந்தது. அவசரப்படுகிறவர்கள் அடிக்கடி கூப்பிடுவார்கள் என்பதும் புரிந்தது.

என்றாலும் கருத்துகள் தீர்ந்துகொண்டே வந்தன. ஐந்து பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வரைவு, அதில் நான் இனி எதைத் தோண்டுவது? அப்போதுதான் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. அதை உங்களுக்கு விளக்க வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கடலைப் பற்றி மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் நல்ல நாள்களில் தெரிந்துகொண்டது. காற்றடிக்கும் நாளில் சின்னப் படகு போகாது. பாட்டிலில் நீர் பிடிக்க முடியாது. ஆகவே எங்கள் அட்டவணைகளில் அமைதியான கடல்தான் இருக்கிறது. கொந்தளிக்கிற கடல் அடியிலிருந்து எதைக் கிளப்பிக்கொண்டு வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் யாரையும் அதைக் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல முடியாது, கேட்டவரிடமே திருப்பிக் கேட்டால் அவராலும் முடியாது. எழுதப்படாத மரியாதை அது.

மாமியார் அதைக் கேட்டார். “ஆசிரியரின் மாதிரிகள் அனைத்தும் அமைதியான நாள்களில் எடுக்கப்பட்டவை. காற்றடிக்கும் நாளில் நச்சு கலைந்து குறையவும் கூடும். அந்த நாள்களின் மாதிரி இல்லாத நிலையில் அதிக உறுதி என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்?” நல்ல கேள்வி. நான் எழுதியவற்றிலேயே சிறந்தது. இரண்டு மூன்று மாதங்களுக்கு வாதாடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

குழுவில் எல்லோரும் கொதித்துவிட்டார்கள். டீச்சர் ஒரு யோசனை சொன்னார்: “பேசாம நடுத்தர உறுதின்னு மாத்திடுங்களேன். பிரச்சினை முடிஞ்சுது.” பாசிக்காரர் ஒப்பவில்லை. “நடுத்தரம்னு போட்டா பலகை வைக்கமாட்டாங்க டீச்சர். எனக்குத் தெரியும், நச்சு குறையாது. எடுத்துக் காட்டறேன்.” எல்லோரும் போனபின் அவர் முகம் திரையில் கொஞ்ச நேரம் இருந்தது. என்னைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அணைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கூப்பிட்டார். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது.

“அண்ணே, இன்னிக்கு நல்ல காத்து. படகுக்காரர் வரமாட்டேன்னுட்டார். நிலையத்துப் படகு சும்மாதான் கிடக்கு, நானே எடுத்துட்டுப் போய் ஒரு தடவை பிடிச்சிட்டு வந்துடறேன். என்ன சொல்றீங்க?”

அவர் பேசும்போது பரிசீலகர் பக்கம் என் முன்னால் திறந்துதான் இருந்தது. கருத்தைத் திரும்பப் பெற அதில் ஒரு பொத்தான் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் போதும், மாமியார் சமாதானமாகிவிட்டார் என்று அவருக்கு உடனே செய்தி போயிருக்கும். அல்லது போகாதீங்க தம்பி என்று சொல்லியிருக்கலாம். அவர் என் பேச்சைத் தட்டமாட்டார், அதற்காகத்தானே கேட்டார். நான் யோசித்தேன். கருத்து போய்விட்டால் அத்தியாயத்தில் மிச்சம் ஒன்றுமில்லை, வருகிற வியாழக்கிழமையே மூடிவிடுவார்கள்.

“பாட்டில் ரெண்டு கூடுதலா எடுத்துட்டுப் போங்க,” என்றேன். “ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்.”

“சரிண்ணே,” என்றார்.

படகு கவிழ்ந்தே கரைக்கு வந்தது. அவரை மூன்று நாள் கழித்துத்தான் கண்டெடுத்தார்கள். பாட்டில்கள் இருந்த பெட்டி மட்டும் ஒழுங்காக மூடி, கட்டி, நாள் நேரம் எழுதி ஒட்டி, பாறைகளுக்கு நடுவே கிடைத்தது. நிலையத்துக்காரர்கள் பரிசோதித்தார்கள். நச்சு குறையவில்லை, ஒன்றரை மடங்கு கூடியிருந்தது. அவர் சொன்னதுதான் சரி.

அந்த வியாழக்கிழமை அஞ்சலிக் கூட்டம். எல்லோரும் வந்திருந்தார்கள். வேறு அத்தியாயக்காரர்களும் வந்திருந்தார்கள், திரை முழுக்கச் சின்னச் சின்ன முகங்கள். மீன்கணக்கர் கிண்டல் எதுவும் பேசாமல் அழுதார். என்னைப் பேசச் சொன்னார்கள், அவருக்கு மிக நெருங்கியவன் நான்தான் என்று டீச்சர் சொன்னார். நான் பேசினேன். என் கண்ணும் கலங்கியது, அதில் பொய்யில்லை. மூன்று மணி நேரம் யாரும் கலையவே இல்லை. அவ்வளவு நீளமான கூட்டம் எங்கள் குழுவில் அதற்கு முன் நடந்ததில்லை.

கடைசியில் டீச்சர் சொன்னார்: “அவர் உயிரைக் குடுத்துப் பதில் சொல்லிட்டார். இந்த வாரமே அத்தியாயத்தை மூடி அவர் பேருக்குச் சமர்ப்பணம் பண்ணிடுவோம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஒரு கருத்து எழுதினார். ஆசிரியரின் மறைவுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, ஒரே ஒரு நாளின் மாதிரியை வைத்து முடிவுக்கு வர இயலாது, காற்றடிக்கும் நாள்களில் மேலும் சில மாதிரிகள் தேவை என்று. அறிவியல்படி அதுவும் சரிதான்.

டீச்சர் கூட்டத்தில் அதை வாசிக்கத் தொடங்கினார், முடிக்க முடியவில்லை. “இது மனுஷப் பிறவியா?” என்றார். பிளாஸ்டிக் அம்மா எழுந்து போய்விட்டார். அப்போதும் விதி விதிதான். கருத்து வந்துவிட்டால் பதில் எழுத வேண்டும், பதில் எழுத ஆள் போட வேண்டும். அத்தியாயம் அடுத்த பருவத்தைத் தாண்டித்தான் மூடியது. அந்தப் பருவத்தில் வளைகுடாப் பக்கம் நான்கு பேர் சிப்பி தின்று இறந்ததாகச் செய்தி வந்தது, இரண்டு பேர் குழந்தைகள். அதை இந்தத் தாமதத்தோடு முடிச்சுப் போடுவது சரியல்ல. பலகை வைத்திருந்தாலும் அவர்கள் படித்திருப்பார்களா என்பதற்கு ஆதாரம் இல்லை. நானாக இருந்தால் பக்கத்தில் ‘குறைந்த உறுதி’ என்றுதான் போடுவேன்.

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. அறிக்கை வெளிவந்து, குழு கலைந்து, வியாழக்கிழமைகளில் சட்டைக்கு மட்டும் இஸ்திரி போடுகிறேன். மாமியார் யார் என்று யாரும் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இறந்துபோன பேராசிரியரிடம் போய் நின்றிருப்பீர்கள், அதோடு சரி. இருந்தும் நீங்கள் கதவைத் தட்டியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை நான் செய்தேன், தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வற்புறுத்தல் எதுவும் இல்லை.

இன்னொன்று. போன மாதம் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். புகார் கொடுப்பதற்கு முன். நான் அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தேன் என்று சொல்லிவிட்டு, ஒரு விஷயம் சொன்னார்.

“அண்ணா, உங்க வீட்டுக்கு வரணும்னு அவருக்கு ரொம்ப ஆசை. அண்ணன் தனியா இருக்கார், அத்தியாயம் முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் போய் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு சொல்லிட்டே இருப்பார். லீவுகூட எழுதிக் குடுத்து வெச்சிருந்தார். அந்த மாமியார்தான் முடிய விடல.”

அதைப் பற்றி நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். அவர்கள் வந்திருந்தால் ஒரு வாரம் இருந்திருப்பார்கள், வேறொரு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருப்பேன். ஆனால் எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு வாரம்தான். எனக்குக் கிடைத்தது முழுசாக ஒரு வருஷத்து வியாழக்கிழமைகள்.